சிவப்புக் கோடு வரை வெந்நீர்

முக்காலி சரிந்த சத்தமும் பெரியவரின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. காலை 6.20.

பக்கவாதத்தில் உணர்ச்சி இழந்த இடது காலைத்தான் அவர் வழக்கம்போல் முதலில் வாளிக்குள் விட்டிருந்தார். அந்தக் கால் ஒன்றும் சொல்லவில்லை. அரை நிமிடம் கழித்து வலது காலை விட்டபோதுதான் வீடே அதிர்ந்தது. அதற்குள் இடது கால் கணுக்காலுக்கு மேல் வரை வெந்துபோயிருந்தது.

காலை 8.40. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. இறங்கியவரை அந்தப் பகுதியில் எல்லோரும் 'வெந்நீரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மின்வாரியத்துக்காக வீடு வீடாகப் போய், வெந்நீர்ச் செலவை எப்படிக் குறைப்பது என்று சொல்லிக் கொடுப்பவர். இந்த வீட்டுக்குப் போன வாரம் வந்திருந்தார். ஹீட்டருக்குப் பஞ்சுறை போர்த்தியதும், சூட்டுத் திருகை ஐம்பது டிகிரியில் வைத்ததும், காலை 4.45 முதல் 5.45 வரை மட்டும் அதற்கு மின்சாரம் பாயும்படி டைமர் பொருத்தியதும் அவர்தான்.

"உங்க பேரும் நம்பரும்தான் ஹீட்டர்மேல ஒட்டியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "அதனால சந்தேகத்துல முதல் ஆள் நீங்க."

"ரெண்டாவது யாரு சார்?"

இன்ஸ்பெக்டர் கூடத்தின் மூலையைக் காட்டினார். பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை ரப்பர் கையுறை. ஆஸ்பத்திரியிலிருந்து கான்ஸ்டபிள் கூட்டி வந்த பிறகும் அதைக் கழற்றத் தோன்றவில்லை அவளுக்கு. வழக்குப் பதிவானால் அவளுடைய உரிமம் போய்விடும். சிறைக்கும் போக வேண்டியிருக்கும்.

அவள் சொன்னது சுருக்கமானது. வாளியில் நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். சிவப்புக் கோடு வரை வெந்நீர். அதற்குமேல் நீலக் கோடு வரை பச்சைத் தண்ணீர். அப்படிக் கலந்தால் சூடு இதமாக இருக்கும், ஒரு சொட்டும் வீணாகாது. இன்றும் அப்படித்தான் கலந்தாள். கையுறை போட்டிருந்ததால் சூடு உறைக்கவில்லை.

"தண்ணியைத் தொட்டுப் பார்க்க மாட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தினம் பார்த்தேன் சார். ஆறு நாளும் ஒரே சூடு. ஏழாவது நாள் கோட்டை நம்பிட்டேன்."

பெரியவரின் மகன் குறுக்கிட்டார். தெருமுனையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "கதை விடறா சார். திருகு ஐம்பதுலதான் இருக்கு, உங்க கான்ஸ்டபிளே பார்த்தார். அப்பா ரூம்ல கெட்டில் இருக்கு. இவதான் அதுல கொதிக்க வச்சு ஊத்தியிருக்கா. ஹீட்டர்ல என்ன கோளாறு? 5.50-க்கு நானும்தான் குளிச்சேன். அதே வாளி, அதே கோடு. சுகமா இருந்தது."

வெந்நீரக்கா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மருமகள் சமையலறை வாசலிலேயே நின்றாள். கோடு போட்டவள் அவள்தான். குழாயில் முதலில் வரும் இரண்டு சொம்புப் பச்சைத் தண்ணீரைக்கூடப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவுகிறவள். நர்ஸ் வெந்நீரை அள்ளிக் கொட்டுகிறாள் என்று அவள் அடிக்கடி முறையிட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே போலீசிடம் சொல்லியிருந்தார்கள். இன்று இன்னும் குளிக்கவில்லை, ஹீட்டர் பக்கமே போகவில்லை என்றாள். கேட்காமலே இரண்டு தடவை சொன்னாள்.

காலை 9.10. ஹீட்டர் பின்கட்டு பால்கனியில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, வெந்நீரக்கா பையிலிருந்து துப்பாக்கி போன்ற ஒன்றை எடுத்தார். இன்ஸ்பெக்டரின் கை தன்னிச்சையாக இடுப்புக்குப் போனது.

"பயப்படாதீங்க சார், சூடு பார்க்கறது."

டைமர் பெட்டியில், போன வாரம் தான் ஒட்டிய காகித முத்திரையை முதலில் பார்த்தார். கிழியவில்லை. பிறகு பஞ்சுறையின் மடிப்பை நீக்கினார். திருகு ஐம்பதில் இருந்தது. தண்ணீர் வெளியேறும் குழாயின் கழுத்தில் கருவியை நீட்டினார்.

அறுபத்தெட்டு.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "மெஷின் கெட்டுப் போச்சா?"

"திருகைக் குறைச்சா உள்ளே இருக்கிற தண்ணி உடனே ஆறிடாது சார். கரண்ட் போய் மூணரை மணி நேரம் ஆச்சு. இந்த உறை போட்டிருக்கறதால ஏழெட்டு டிகிரிதான் இறங்கியிருக்கு. அப்போ நேத்து ராத்திரி யாரோ திருகைக் கடைசி வரைக்கும் ஏத்தியிருக்காங்க. எழுபத்தஞ்சு. ஆம்புலன்ஸ் அமளியில திரும்ப ஐம்பதுக்குக் கொண்டுவந்துட்டாங்க."

"நர்ஸ்?"

"அலறல் கேட்டதுலேர்ந்து ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பெரியவர் கால்ல பச்சைத் தண்ணி ஊத்திட்டே இருந்திருக்கா. மகனும் மருமகளுமே அப்படித்தானே எழுதிக் கொடுத்திருக்காங்க? அப்புறம் அவரோட வண்டியில ஏறிட்டா. பின்கட்டுக்கு எப்ப வந்தா?"

இன்ஸ்பெக்டர் சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தார். "அப்போ அந்தம்மா. நர்ஸைக் கண்டாலே ஆகாது. ஹீட்டர் பக்கமே போகலைன்னு ரெண்டு தடவை சொன்னப்பவே நினைச்சேன்."

"என் வீட்டு விசாரணையா இருந்தா நானும் அப்படித்தான் உளறியிருப்பேன்." வெந்நீரக்கா நோட்டைத் திருப்பினார். "5.45-க்கு மேல இந்த டேங்க்ல ஒரு டிகிரிகூட ஏறாது. முத்திரை கிழியலை. அப்போ 5.50-க்கும் இதே கொதிதான். கோட்டுக்குக் கோடு கலந்து, சுகமா குளிச்சேன்னு ஒருத்தர் சொல்றார். அவர் தோல் வெந்திருக்கணும். வேகலை. ஏன்னா, எவ்வளவு பச்சைத் தண்ணி சேர்க்கணும்னு அவருக்கு முன்னாடியே தெரியும்."

"மகனா?" இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். நர்ஸ் சொன்ன இன்னொரு விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் பழைய வீட்டை விற்க மகனுக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை ரத்துசெய்ய, பெரியவர் இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பதிவு அலுவலகம் போவதாக இருந்தார். துணைக்குப் போகவிருந்தவள் நர்ஸ். கால் வெந்தால் பெரியவர் போக முடியாது. பழி விழுந்தால் நர்ஸ் இந்த வீட்டிலேயே இருக்க முடியாது.

"ஆனா இது நிக்காது," என்றார் இன்ஸ்பெக்டர். "நேரம் மறந்துட்டேன், பச்சைத் தண்ணியிலதான் குளிச்சேன்னு மாத்திச் சொல்லிடுவார்."

"அதான், அவர் வாயாலேயே வரணும். இந்த அறுபத்தெட்டை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

காலை 9.40. சமையலறைத் தொட்டிக்கு மேல் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று அதே ஹீட்டரிலிருந்து வருவது. வெந்நீரக்கா எல்லோரையும் அங்கே கூப்பிட்டார். ஹீட்டரில் கோளாறு இல்லை என்று தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை என்றார். திருகு ஐம்பதில்தான் இருக்கிறது, மின்சாரம் நின்றும் நான்கு மணி நேரம் ஆகப்போகிறது, இந்நேரம் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மகன் தலையாட்டினார். நெற்றி மட்டும் வியர்த்திருந்தது. மூலையில் நர்ஸ் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எந்தப் பதத்துல இருக்கும்னு இந்த வீட்டுல உங்களுக்குத்தான் அத்துப்படி," என்றார் வெந்நீரக்கா மருமகளிடம். "குழாயைத் திறந்ததும் கையை வச்சுக்கிட்டே இருங்க. சூடு வர்றப்போ சொல்லுங்க."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

வெந்நீரக்கா குழாயைத் திறந்தார். மூடுவதற்குத் தயாராக விரல்களைக் குழாயிலேயே வைத்திருந்தார். முதல் இரண்டு சொம்பு எப்படியும் பச்சைத் தண்ணீர்தான் வரும். அது அவருக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும்.

முதல் சொம்பு நிரம்பியது. மருமகள் அதை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள். கை தண்ணீரிலேயே இருந்தது. இரண்டாவது சொம்பு பாதியைத் தாண்டியது.

மகன் பாய்ந்து வந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"கையை எடுடி... அது எழுபத்தஞ்சு வச்ச தண்ணி."