நடு விளக்கு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராதிம் வந்து பார்த்தபோது காரின் இரண்டு ஹெட்லைட்டுகள் வெளுத்திருந்தன. காலையில் பளிச்சென்று இருந்தவை. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டாட்ரா பொம்மைக் கார் அது. பழைய மாடல், மூக்கில் வரிசையாக மூன்று விளக்குகள். குழி தோண்டி, உள்ளே வெள்ளித் தாள் ஒட்டி, மேலே தெளிந்த பிசினைச் சொட்டவிட்டு அவற்றைச் செய்து முடிப்பதற்குள் அவனுக்குப் பனிக்காலம் பாதி போய்விட்டது. இப்போது இடதும் வலதும் உட்புறமாகப் பூத்திருந்தன. நடு விளக்கு மட்டும் தெளிவாக அவனைப் பார்த்தது.

சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால்தான் இப்படிப் பூக்கும். செக் நாட்டுப் பிர்னோ நகர மாடல் கார் சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். அதனால்தான் ராதிம் அந்தப் புட்டியை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. ஒரே ஒரு முறைதான் வாங்கினான். போன வருஷப் போட்டிக்கு முந்தின சாயங்காலம், சிநேகிதன் லூபோஷின் காட்சிப் பெட்டிக்குள் ஒரு சொட்டு விட்டு மூடிவைத்தான். வாதம் வந்து கை நடுங்கிய நிலையிலும் லூபோஷ் உயிரைக் கொடுத்துச் செய்த டாட்ரா, விடியும்போது இரண்டு பக்கமும் கண் பூத்து நின்றது. வயிற்றெரிச்சல் மனுஷனை என்னவெல்லாம் செய்யவைக்கிறது பாருங்கள்.

"க்ளூவைத் தொட்டுட்டு மறந்திருப்பே லூபோஷ். வயசாச்சுல்ல?" என்று ராதிம் எல்லார் முன்னாலும் கேட்டான். சிரித்தார்கள்.

லூபோஷ் சிரிக்கவில்லை. "நடு விளக்கு தப்பிச்சிருக்குடா. எனக்கு அது போதும்" என்றான். அந்த மாதமே போய்ச் சேர்ந்தான். முதல் பரிசுக் கோப்பை ராதிமின் அலமாரியில் இருக்கிறது.

ராதிம் ஜன்னலைத் திறந்தான். டிராம் தண்டவாளத்தின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்தது. வீட்டுக்குள்ளோ, முட்டைக்கோஸ் சூப்பின் மணத்தையும் மீறி, மூக்கைக் குத்திக் கண்ணில் நீர் வரவைக்கிற, அவன் நன்றாக அறிந்த அந்தக் காரமான வாடை. அலமாரியில் தேடினான், குப்பைக்கூடையைக் கிளறினான், மேஜைக்கடியில் குனிந்து முகர்ந்தான். க்ளூ புட்டி எங்கும் இல்லை. கண்ணைக் கசக்கிய விரலை மூக்கருகே கொண்டுபோனான். வாடை அதில் இருந்தது.

"யித்கா, லைட்டைப் போடேன்."

"எரிஞ்சுட்டுதானே இருக்கு," என்றாள் மனைவி பக்கத்து அறையிலிருந்து. "கண்ணாடியைத் துடைச்சுப் போடு."

அவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

கண் போனால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது? மறுபடியும் கசக்கினான். இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல ஒரு வெண்மை. பிறகு வலது கண்ணிலும். ஜன்னல் போனது. மேஜை போனது. விரல்கள் போயின.

வெள்ளை. வெறும் வெள்ளை.

"வேணும்னு செய்யலைடா லூபோஷ்," என்றான். அப்போதும் பொய்தான் வந்தது.

பார்வை திரும்பியது. ஆனால் கீழிருந்து. மேஜைப் பலகையை ஒட்டி. காரின் மூக்கிலிருந்து, நடு விளக்கின் சின்ன வட்டத்துக்குள்ளிருந்து. எதிரே மலைபோல ஒருவன் உட்கார்ந்திருந்தான். ராதிமின் சட்டை. ராதிமின் முகம். கண்கள் இரண்டும் வெள்ளை.

கத்தினான். எதிரே இருந்த வாய் அசையவில்லை.

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?" யித்காவின் குரல்.

இப்போது அந்த வாய் திறந்தது. ராதிமின் குரல்தான். அவன் பேசவில்லை.

"ஒண்ணுமில்ல. நடு விளக்கு சரியா வரலை. தோண்டி எடுத்துட்டு வரேன்."

"சீக்கிரம் வா. காபி ஆறுது."

வலது கை மேஜையைத் தடவி, கை டிரில்லை எடுத்தது. விரல்கள் நடுக்கமில்லாமல் அதைச் சுழற்றின. எஃகு முனை நெருங்கியது. இன்னும் நெருங்கியது. வட்டம் முழுக்க அதுவே நிறைந்தது. மூடிக்கொள்ள அவனுக்கு இமை இல்லை.