மிலியின் வட்டங்கள்

இப்போதெல்லாம் குழந்தை குப்புறக் கவிழ்ந்தால்கூட நோட்டில் ஏறினால்தான் கவிழ்ந்ததாக அர்த்தம். எத்தனையாவது மாதத்தில் தலை நின்றது, என்றைக்குத் தவழ்ந்தது, எந்தக் கையால் கிலுகிலுப்பையைப் பிடித்தது, எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து ஒரு பெண் வேனில் வந்து, குழந்தையைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவாள். பெற்றவர்களுக்கோ இரண்டையும் பார்க்க நேரமில்லை. காலையில் கொண்டுவந்து போடுகிறார்கள், மாலையில் சந்தை மூட்டையைப் போல முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

தெயோபிலோ வார்கயாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவருக்குப் பிடித்தது என்று சொல்ல அதிகம் எதுவும் இல்லைதான். ஊருக்கு மேலே, யூகலிப்டஸ் தோப்பை ஒட்டித் தகரக்கூரை போட்டு நின்ற குழந்தைகள் காப்பகத்தில் கூட்டுவது, துடைப்பது, கதவைப் பூட்டுவது அவர் வேலை. அவருடைய மகள் லிதுவீனா கீழே கடற்கரைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாள். அவளுடைய பதினான்கு மாதக் குழந்தை மிலி பகலெல்லாம் காப்பகத்தில் இருக்கும். சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டுத் தாத்தாதான் முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

சின்ன அறையின் எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் நெலிதா. நல்ல பெண், பேச்சுதான் அதிகம். ஒவ்வொரு குழந்தை வெளியே போகும்போதும் வாசலில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். "போலாம் வா, இங்கயே தங்கிடாத, வீட்டுக்குப் போலாம் வா." குழந்தையின் உயிருக்குத் தலையுச்சியைப் போலவே இன்னும் மூடி போடவில்லையாம், உடம்பைத் தூக்கிக்கொண்டு போனால் அது கவனிக்காமல் விளையாடிக்கொண்டே பின்தங்கிவிடுமாம். முன்பெல்லாம் தாய்மார்களே கூப்பிடுவார்கள். இப்போது பாதிப் பேர் காதில் கைப்பேசியோடு வருகிறார்கள், மீதிப் பேருக்குப் பாதிரி தடை போட்டிருக்கிறார். அவர்களுக்காகவும் சேர்த்து இவளே கூப்பிட்டாள். தெயோபிலோ குளிருக்கு மெல்லும் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஆட்டுக்குட்டி மேய்க்கிறவள்கூட இவ்வளவு கத்த மாட்டாள் என்பார்.

ஜூன் மாதம், அந்த மலையில் குளிர்காலம் பிறந்து உறைபனி தொடங்கிய வாரத்தில், ஒரு திங்கட்கிழமை மிலி சின்ன அறையின் நிலைப்படியில் தடுக்கி விழுந்தது. அடி பெரிதில்லை. ஆனால் அழவில்லை. தூக்கி நிறுத்திய பிறகும், தான் விழுந்த இடத்தையே, அங்கே இன்னும் யாரோ கிடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றது.

நெலிதா அன்று முன்னதாகவே கிளம்பியிருந்தாள். போகும்போது, மறக்காமல் கூப்பிட்டுவிட்டுத் தூக்கச் சொன்னாள். தெயோபிலோ கூப்பிடவில்லை.

மறுநாள் மாலைதான் முதல் சத்தம். குழந்தைகள் எல்லாம் போய், மிலி அவர் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. கொட்டிய பாலும் கிழங்குச் சூப்பும் ஈரத் துணியும் கலந்து புளித்த வாடை அறைக்குள் இன்னும் ஆறாமல் நிற்க, ஜன்னலில் மலை நிழல் ஏறி மெத்தைப் பாய்களின் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகிக்கொண்டிருந்த நேரம். அவர் அடுத்த அறையில் வாளியைப் பிழிந்துகொண்டிருந்தார். சின்ன அறையில் ஏதோ புரண்டது. கனமில்லாமல், முதலில் ஒரு முழங்கை, பிறகு இடுப்பு, கடைசியில் முகம் பாயில் ஒட்டுகிற அந்த மெத்தென்ற சத்தம். பத்து வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவர். குழந்தை முதல்முறை கவிழும்போது வருகிற சத்தம் அது.

எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கூடையில் எடுத்துப் போட்டிருந்த, மொச்சைக் கொட்டை அடைத்த பால்டப்பாக் கிலுகிலுப்பை பாயின் நடுவில் கிடந்தது. எலி, என்று சொல்லிக்கொண்டார்.

அந்த வாரம் மிலி பேச்சை விட்டது. அதற்கு ஆறு வார்த்தைகள் இருந்தன. தண்ணி, அம்மா, நாய், சூடு, வேண்டாம், கடைசியாக ஈஸ்டருக்குப் பிறகு வாயில் வந்த தாத்தா. ஒவ்வொன்றாக நின்று போயின. அடுத்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மட்டும் நடந்தது. அதற்கடுத்த வாரம் நிற்கவே மறுத்துத் தவழ்ந்தது. லிதுவீனா வந்த சனிக்கிழமை காட்டியபோது, சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தெயோபிலோ அதையும் நம்பவில்லை, ஆனாலும் தவறாமல் ஊற்றினார். குழந்தையின் நாக்குதான் கறுத்தது.

சின்ன அறையில் சத்தங்கள் வளர்ந்தன. கவிழ்ந்தது, வயிற்றால் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. பிறகு உள்ளங்கைகள் தரையில் அறைகிற சத்தம், பட், பட், முழங்கால் தேய்கிற சத்தம், நடுவில் நின்று மூச்சு வாங்குகிற இடைவெளி. ஒரு மாலை ஜன்னல் விளிம்பைப் பிடித்து எதுவோ எழுந்து நின்று, கால் நடுங்கிப் பொத்தென்று உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. தெயோபிலோ துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரின் மறுபக்கம் நின்று அதை எண்ணினார். பதினோரு முறை. மிலியும் நடக்கப் பழகியபோது இப்படித்தான், விழுந்தால் அழாது, பிடிவாதமாக எழும். அது நினைவுக்கு வந்ததும் எண்ணுவதை விட்டார்.

எலிப்பொறி வைத்தார். எலி விழவில்லை. பொறியில் வைத்த பாலாடைக்கட்டி காய்ந்துபோனது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மற்றக் குழந்தைகள் போன பிறகு, நெலிதா அவரை உட்காரவைத்து நோட்டைத் திறந்தாள். தெயோபிலோவுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் அவள் வட்டங்களைக் காட்டினாள். குழந்தை ஒன்றைச் செய்தால் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக நிரப்புவாள், செய்யாவிட்டால் வெறுமனே விடுவாள். மே மாதப் பக்கம் முழுக்கக் கறுப்பு. ஜூன் பக்கம் கீழேயிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. பேச்சு, நடை, நிற்பது. ஜூலை பக்கத்தில் உட்காருவதும் போய், கவிழ்வதும் போய், எல்லாம் வெறும் வளையங்களாக இருந்தன. உச்சியில் ஒரே ஒரு வட்டம் பாதி நிரம்பி நின்றது.

"இது என்ன?" என்றார்.

"முகத்தப் பாக்குது. பிறந்த குழந்தைக்கு முதல்ல வர்றது அதுதான்." அவள் குரல் உடைந்தது. "இன்னைக்கு மிலி என்னயப் பாத்துச்சா, என் பின்னால இருந்த சுவரப் பாத்துச்சான்னு தெரியல, தெயோ ஐயா. அதான் பாதியில பென்சில எடுத்துட்டேன்."

நாளை லிதுவீனா வருவாள், நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாள் என்றார் அவர். நாளை வரைக்கும் தாங்காது என்றாள் நெலிதா. அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. தானே மூன்று மாலை கூப்பிட்டுப் பார்த்ததாகவும் வரவில்லை என்றும், ரத்த சொந்தம் கூப்பிட்டால்தான் வரும் என்றும் சொல்லி, மிலியின் கம்பளித் தொப்பியை அவர் கையில் வைத்தாள்.

"இந்தத் தொப்பியால தரைய நீவிக்கிட்டே மூணு தடவ கூப்பிடுங்க. பேரச் சரியாச் சொல்லணும். வேற பேரு காதுல விழுந்தா, வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் போயிடும். சின்னப் புள்ள பாருங்க. நம்மள வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சுக்கும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வராது."

"இதெல்லாம் நான் பாத்தவன்தான்," என்றார் தெயோபிலோ. "எனக்குப் பாடம் எடுக்காத."

அவர் பார்த்தவர்தான். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டு வயது மகன் அன்செல்மோ வாய்க்கால் கரையில் விழுந்து, எழுந்து, அன்றிலிருந்து சாப்பிடாமல் கிடந்தான். தொப்பியும் மணியும் எடுத்துக்கொண்டு ஒன்பது மாலை வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டார். தொண்டையில் ரத்தம் வந்தது. பத்தாம் நாள் ஆரஞ்சுப் பெட்டிப் பலகையில் அவனுக்குப் பெட்டி செய்தார். கூப்பிட்டால் வரும் என்று சொன்னவர்கள் எல்லாரும் அடக்கத்துக்கு வந்து சூப் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

நெலிதா கடைசி வண்டிக்கு ஓடினாள். வேலிக் கதவு கிறீச்சிட்டு மூடியது.

மணி ஐந்தரை இருக்கும். தெயோபிலோ வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றிச் சின்ன அறையின் தரையைத் துடைத்தார். பாய்களுக்கும் கதவுக்கும் நடுவே சிமெண்டு ஈரமாகப் பளபளத்தது. மிலி அவர் நெஞ்சோடு கட்டிய துணிக்குள் கிடந்தது. கனமே இல்லை. காய்ந்த மக்காச்சோளத் தட்டையைச் சுமப்பது போல இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அதில் ஜன்னல் தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை.

பேச்சுக்காரியின் வாயை அடைக்கவாவது, என்று முணுமுணுத்துக்கொண்டு நிலைப்படியில் முழங்காலிட்டார். தொப்பியால் தரையை நீவினார்.

"மிலி," என்றார். "போலாம் வா."

அவருக்கே குரல் விசித்திரமாக இருந்தது. வெளியே யூகலிப்டஸ் இலைகள் உரசிக்கொண்டிருந்தன, தகரக்கூரை குளிரில் சுருங்கி ஒரு தடவை சொடுக்கியது, பிறகு இலைகளும் நின்று, வாளியில் ஒட்டியிருந்த கடைசித் துளி விழுவது மட்டும் கேட்டது. ஜன்னலடியில் பாய் அமுங்கியது. ஓர் இடம். பிறகு அதற்கு முன்னால் இன்னோர் இடம்.

"மிலி. இங்கயே தங்கிடாத. வா."

பாய் முடிந்தது. ஈரத் தரையில் ஒரு பாதச் சுவடு விழுந்தது. சுவடு மட்டும். ஐந்து விரலும் ஐந்து சோளமணி போல. அடுத்தது. தள்ளாடி, விலகி, மறுபடி நேராகி. நடக்கப் பழகிய குழந்தையின் நடை. பால் வாடை வந்தது. தலையெண்ணெய் வாடை வந்தது. அவர் நெஞ்சில் கட்டியிருந்த துணிக்குள் மிலி கழுத்தைத் திருப்பியது. மூன்று வாரத்தில் முதல்முறை. தரையைப் பார்த்தது. பார்த்து, வாயைத் திறந்தது.

இன்னும் ஒரு அடி. கை நீட்டினால் தொடலாம். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றன. காத்து நின்றன.

இன்னும் ஒரு தடவை.

வாய்க்கால் கரை. மணி. ஒன்பது மாலை. நாற்பத்திரண்டு வருஷம் உள்ளே கிடந்தது, அவர் கண்ணில் நீரோடு சேர்ந்து வந்துவிட்டது.

"வா சாமி. வீட்டுக்குப் போலாம் வா, அன்செல்மோ."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

ஒன்றும் அசையவில்லை. வாளியின் துளிகூட விழவில்லை. பிறகு, ஈரத்தில், குதிகால்கள் திரும்பின.

அவசரமே இல்லாமல் போயின. ஒன்று. இன்னொன்று. பாய் அமுங்கியது. ஜன்னலடியில், மூலையில், எதுவோ பொத்தென்று உட்கார்ந்தது.

மிலியின் தலை அவர் கைமடிப்பில் மெதுவாகச் சாய்ந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

கூப்பிட்டிருக்கலாம். அவர் முழங்காலிட்டபடி, தொப்பியைப் பிடித்தபடி, நாக்கை அசைத்துப் பார்த்தார். சரியான பெயர் அங்கேதான் இருந்தது. அழைத்து யார் வந்தார்கள், என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அவருடைய குரல்தான். எழுந்தார். கதவைச் சாத்தினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார்.

வெளியே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பாதையில் இறங்கும்போது ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணாடியின் கீழ் ஓரத்தில், விளிம்பைப் பிடித்து எழும்பி நிற்கும் குழந்தையின் வாய் இருக்கும் உயரத்தில், உள்பக்கமாக மூச்சுப் பட்டுக் கண்ணாடி பனித்தது. மறைந்தது. பனித்தது. அதன் நடுவே ஒரு சின்ன உள்ளங்கை வந்து ஒட்டியது.

"தண்ணி," என்றது உள்ளே.

அவர் நடந்தார்.

"அம்மா. நாய்."

துணிக்குள் மூச்சு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். இருந்தது. இருப்பது போல இருந்தது.

"சூடு."

கல்லில் கால் இடறியது. தோப்பு முடிகிற இடம் வந்துவிட்டது. பின்னால் வெகுநேரம் ஒன்றுமில்லை.

"வேண்டாம்," என்றது.

நின்றார். ஆறாவது வார்த்தைக்காகத்தான் நின்றார் என்று அவரைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். கோக்கா இலையைத் துப்பினார். மிலியின் தொப்பியை அதன் தலையில் மாட்டி, காது வரைக்கும் இழுத்துவிட்டார்.

"தாத்தா."

எலிதான், என்றார் தெயோபிலோ, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. கூப்பிட்டு வருவதாக இருந்தால் அன்றைக்கே வந்திருக்கும். திங்கட்கிழமை பெரிய பொறியாக வாங்கி வைக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல், கனமில்லாத துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் சரிவில் இறங்கிப் போனார். மேலே, சின்ன உள்ளங்கை கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது.