நாற்பத்தெட்டாம் விளக்கு

காலை பதினோரு மணிக்குப் புதிய லைட் ஆபரேட்டர் அரங்குக்கு வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே உதட்டைப் பிதுக்கினார். வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னலில்லாத இருட்டு, பழைய திரைச்சீலையின் முடை நாற்றம், எங்கோ மேலே இரும்பு முனகும் சத்தம்.

மேடை நிர்வாகி என்பதால் நான்தான் அவரை விளக்குகளை இயக்கும் கன்சோல் முன் உட்காரவைத்தேன். நாடகத்தின் எந்தக் கட்டத்தில் எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்ற பதிவை நாங்கள் க்யூ என்போம். இந்த நாடகத்தின் நூற்றிருபது க்யூக்களையும் பதிந்தவர் சென்ற மாதம் இறந்துபோன அக்கா. அரங்கில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

புதியவர் பட்டியலை உருட்டிப் பார்த்துச் சிரித்தார். எண்கள் தாறுமாறாக இருக்கின்றனவாம். இதைப் பதிந்தவர் படித்தவர்தானா என்று கேட்டார். மண்ணுக்குள் போனவரை இப்படிப் பேசத் தனித் திறமை வேண்டும். அவரிடம் அது தாராளமாக இருந்தது.

"முழு இருட்டுன்னு எழுதியிருக்கு. ஆனா ஒவ்வொண்ணுலயும் நாப்பத்தெட்டாம் விளக்கு மூணு பர்சென்ட்ல எரியுது. உங்க அக்காவுக்கு இருட்டுன்னா பயமோ?"

நான் காதோடு சொன்னேன். அப்பா வேடம் போடுபவருக்கு இருட்டில் கண் தெரிவதில்லை. அந்த இருட்டில் அவர் ஏழு படி இறங்க வேண்டும். வெளியே தெரிந்தால் வேடம் போய்விடும், விழுந்தால் இடுப்பு போய்விடும். அதனால் கடைசிப் படியில் மட்டும், யார் கண்ணையும் உறுத்தாமல், அக்கா வைத்த வெளிச்சம் அது.

"கண்ணு தெரியாதவர் வீட்டுல உக்காரலாமே."

நகலெடுத்து வேலை செய்யுங்கள், பழையது அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். நகர்த்தினால் பழைய இடம் காலியாகிவிடும். குப்பைக்கு எதற்குக் காப்பி என்றபடி எல்லாவற்றையும் புது எண்களுக்கு நகர்த்தினார். நாற்பத்தெட்டை எல்லாவற்றிலிருந்தும் அழித்தார். புதிய பட்டியலைத் திறந்தார்.

நாற்பத்தெட்டு. மூன்று சதவீதம்.

அழித்தார். பதிந்தார். திறந்தார்.

நான்கு சதவீதம்.

மெஷின் கிழடு என்று திட்டிக்கொண்டே மேலே ஏறி, அந்த விளக்கையே கழற்றி வந்து என் மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"இப்ப எரியச் சொல்லுங்க, பாப்போம்."

ஒத்திகையில் படியிறங்கும் காட்சி வந்தது. நான் டார்ச்சோடு படியடிக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் புதியவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

இருட்டு.

மேலே ஒரு கால் தடுமாறியது.

அப்போது கடைசிப் படியில் உள்ளங்கையளவு வெளிச்சம் விழுந்தது. அது மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு படியாக ஏறி, அந்தக் காலடியில் போய் நின்றது. சின்ன உதவி எதையும் கடவுள் அணையவிடமாட்டார் என்று நம்புகிறவள் நான்.

அப்பா வேடக்காரர் ஏழு படியும் இறங்கி வந்தார். இருட்டைப் பார்த்து ரகசியமாகக் கேட்டார்.

"இருக்கியாம்மா?"

கன்சோல் பக்கம் நாற்காலி சாய்ந்து விழும் சத்தம் கேட்டது. நம் நிபுணர் பையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்.

நான்கு நாள் கழித்து, நடுப்பகலில், வேறோர் அரங்கிலிருந்து போன் செய்தார்.

"மேடம், இங்க மொத்தமே இருபத்துநாலு விளக்குதான். லிஸ்ட்ல நாப்பத்தெட்டு வந்திருக்கு."

எங்கே விழுகிறது என்று கேட்டேன்.

"என் நாற்காலிக்குப் பின்னால, தரையில. யாரோ நடந்து வர்றதுக்குப் போட்ட மாதிரி."

அழிக்காதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். ஏற்கெனவே எட்டுத் தடவை அழித்துவிட்டாராம்.

போனில் அவர் மூச்சு வேகமாகக் கேட்டது. அதற்கு மிக அருகில், பன்னிரண்டு வருடம் மேடையோரம் நான் ஹெட்போனில் கேட்ட குரல், பொறுமையாகச் சொன்னது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. நான் பாத்துக்கறேன்."