வாசலில் கிடந்த செருப்பு

முதலில் அந்த இரைச்சல் நின்றது. காலையிலிருந்து சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்த, கெட்ட காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்ததும், முகம் முழுக்க மூடிய முகமூடிக்குள் அந்த வேதியியல் ஆய்வாளருக்குத் தன் மூச்சு மட்டுமே கேட்டது. எதிரே, பேட்டரி விளக்கின் மங்கல் ஒளியில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் நின்ற கண்ணாடிக் குமிழில், மிளகளவு சிவப்புத் துளி. புரோமின் அசைடு. தொட்டாற்சிணுங்கிகூடத் தொட்டால்தான் சுருங்கும். இதைத் தொடவே வேண்டாம், காற்றழுத்தம் கொஞ்சம் மாறினால் போதும், வெடித்துவிடும்.

கதவோ காற்றுப் புகாத தடிக் கதவு. திறந்தால் அறைக்காற்றே இழுபட்டு அழுத்தம் மாறும். ஆக, அவளும் வெளியே போக முடியாது. வெளிச்சம் ஆகாதென்று கதவுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் வேறு. ‘உள்ளே ஆள்’ பலகை போன மாதம் உடைந்தது. கேட்டு எழுதியும் புதிது வரவில்லை. வாசலில் செருப்பு கிடந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தவள் இவள்தான். கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள்.

கரண்ட் வரும்வரை அசையாமல் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது வெளியே துடைப்பச் சத்தம் கேட்டது.

"நடு வழியிலயே கழட்டிப் போட்டுட்டுப் போறாங்க. தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

பெருக்குகிற அம்மா. செருப்பு இரண்டும் தரையில் தேய்ந்து தேய்ந்து தூரமாகப் போயின.

மணி ஒன்றாகப் போகிறது. பக்கத்து அறையில் வேலை பார்க்கும் தங்கை சாப்பிடக் கூப்பிட வருவாள். அக்கா இல்லாமல் ஒரு வாய் இறங்காது அவளுக்கு. எந்தக் கதவையும் மெதுவாகத் திறந்தவளில்லை. தோளால் ஒரே இடி.

பனிக்கட்டியின் புகை மெலிந்துகொண்டே வந்தது.

காலடி.

"செருப்பக் காணோமே. எங்க போனா இந்த அக்கா? சரி, எட்டிப் பாத்துடுவோம்."

கத்தினால் துளி அதிருமோ? கத்தாவிட்டால் கதவு.

கத்தினாள்.

"திறக்காதடீ!"

முகமூடியும் தடிக் கதவும் சொல்லை விழுங்கிக்கொண்டன. வெறும் அலறல்தான் வெளியே போயிற்று.

காலடி நின்றது. துளி அசையவில்லை. போயிடு கண்ணு, போயிடு.

"ஐயோ, அக்கா!"

ஓடி வந்தாள். அக்கா அலறினால் எந்தத் தங்கை வெளியே நிற்பாள்?

கைப்பிடி இறங்கியது. கதவோரம் ஒரு வெளிச்சக் கோடு. தரையில் நீண்டது. மேசையில் ஏறியது.

குமிழுக்குள், சிவப்புத் துளி நடுங்கியது.