நடுப்புள்ளி வீடு

அந்தப் பழைய வீட்டின் அழைப்புமணி வேலை செய்யவில்லை. வரைபடக்காரி கதவைத் தட்டியதும், உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"யாரு?"

"நான்தாங்க. போன்ல கூப்பிட்டீங்களே, மேப் போட்டவ."

கதவைத் திறந்த தையல்காரர் முதலில் அவள் பாதங்களைத்தான் பார்த்தார். ஈரமில்லை என்று கண்ட பிறகே வழிவிட்டார்.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் கூடத்தில் சேற்று வாடை குப்பென்று அடித்தது. வாசற்படியை ஒட்டிப் பழைய துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்.

வெள்ளத்தன்று உதவி கேட்டு வந்த அழைப்புகளை, அவை வந்த இடத்தோடு, அரசாங்கம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. ஆள் பெயர் இருக்காது. அவள் அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக்கியது வித்தை காட்ட அல்ல. அன்று அழைத்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. எங்கே நின்று கூப்பிட்டான் என்றாவது தெரிந்தால், அங்கே போய் வாய்விட்டு அழுதுவிட்டு வரலாம். இடம் பதிவாகாத அழைப்புகளை என்ன செய்வது? அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனத்தை அவளும் செய்தாள். அத்தனையையும் ஊரின் நட்டநடுவில் போட்டுவிடும்படி கணினிக்குச் சொன்னாள். நட்டநடுவில் இந்த வீடு இருந்தது.

"நீங்க படத்த வெளியிட்ட அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சும்மா," என்றார் தையல்காரர். "பொழுது சாஞ்சா வர்றாங்க. 'இது எங்க வீடா'ன்னு கேக்கறாங்க. இல்லன்னு சொன்னா போயிடறாங்க. மறுநாளும் வர்றாங்க."

"பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. இப்போ பாவமா இருக்கு. ஜன்னல் வழியா பாத்தேன், ஒரு பையன் செருப்பக் கையில புடிச்சுகிட்டு நிக்கறான். அக்கா வீடு எங்கன்னு கேக்கறான். எனக்கென்ன தெரியும்?"

ஊர் சுற்றிவிட்டு வரும் நாட்களில் தம்பி செருப்பை வாசலில் விடமாட்டான். அக்கா கண்ணில் பட்டால் வசவு விழும் என்று, கையில் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் ஒளித்துவைப்பான்.

டொக்.

"தொறக்காதீங்க," என்று அவர் கிசுகிசுத்தார்.

டொக். டொக்.

அவள் திறந்துவிட்டாள்.

யாருமில்லை. படி மட்டும் நனைந்திருந்தது.

"டேய், நான்தான்டா," என்றாள். தெரு சும்மா கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தாள். அந்தப் புள்ளியை அழித்துவிடலாம். அழித்தால் அவன் எங்கே போவான்? ஊர் நடுவை எடுத்துவிட்டுத் தன் வீடு இருக்கும் இடத்தைப் போட்டாள். தம்பி மட்டுமா வருவான்? அத்தனை பேரும் வருவார்கள். வரட்டும், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. வீட்டிலிருந்த துண்டையெல்லாம் வாசலில் விரித்து, கதவைத் தாழிடாமல் படுத்தாள்.

காலையில் தையல்காரர் கூப்பிட்டார். "நேத்து யாருமே வரலம்மா. எங்க போனாங்களோ, மனசு கேக்கல."

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

துண்டுகளின்மேல் ஈரச் செருப்புகள். பெரியவை, வார் அறுந்தவை, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தம்பியுடையது இல்லை. அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகுதான் உறைத்தது.

மெல்ல எழுந்து உள்ளறைக்குப் போனாள். அவன் கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

சேறு இன்னும் காயவில்லை.