ஜன்னலோரக் கட்டில்

கட்டிலுக்கு மேலிருந்த கணினித் திரை, பெரிய டாக்டருடைய மனைவி பிழைக்க நூற்றுக்கு எட்டு வாய்ப்பு என்றது. அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சாதாரண நிமோனியா, காய்ச்சல் இறங்கிவிட்டது, நாடி சீராக ஓடுகிறது. மத்தியானம்கூட ரொட்டி வறண்டு இருக்கிறதென்று முகம் சுளித்தாள். கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நர்சிடம் சொன்னார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "வேற கட்டில் காலியில்லன்னு அம்மாவை இங்க போட்டுட்டோம் சார். இது ஜன்னலோரக் கட்டில்."

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பத்துக்குக் கீழே இறங்கிய நோயாளிகளை இங்கேதான் மாற்றுவார்கள். அதன்பின் வலிக்கு மட்டும் மருந்து. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே அவர்தான். இங்கு வந்த ஒருவரும் எழுந்து போனதில்லை. போக விட்டால்தானே? நடந்ததைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடப் பழகிய கணினி, நோயை விட்டுவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டது. இடத்தை மாற்றினால் எண் தானாக ஏறும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடுத்த வார்டில் கட்டில் கேட்டு நர்சை அனுப்பினார்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மருந்து நெடிக்கு அடியில் நெடுநாள் படுத்த உடம்பின் வாடை மெல்ல எழுந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் அதை ஒட்டி, சற்றே பிந்தி, வேறு மூச்சுகளும் வருவதுபோல் அவர் காதில் விழுந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர், இவள் பக்கத்தில் இப்படி உட்கார்ந்தே எத்தனை காலமாயிற்று!

எட்டு, ஐந்தானது.

"என்னங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. எனக்கு இடமே இல்ல."

"யாரைம்மா?"

"இவங்களைத்தான். பாவம், எல்லாரும் உங்களையே கேக்கறாங்க. எப்ப வீட்டுக்குப் போகலாம்னு."

நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். அவர் மனைவியின் தோளைப் பிடித்தார், நர்ஸ் காலைப் பிடித்தாள். தூக்கினார்கள்.

அசையவில்லை.

பூஞ்சை உடம்பு. அவர் ஒருவரே தூக்கிவிடலாம். மறுபடி தூக்கினார்கள். போர்வை நழுவியது.

அவள் புஜத்தில் பள்ளங்கள். இடுப்பில். கணுக்காலில். விரல் பதிந்த பள்ளங்கள். விரல்கள் இல்லை.

"விட்டுடுங்க," என்று அவர் கெஞ்சினார். யாரிடம் என்று நர்ஸ் கேட்கவில்லை.

திரையில் மூன்று. இரண்டு.

கழுத்தில் புதிதாக நான்கு பள்ளங்கள் விழுந்தன. அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். பள்ளங்கள் மெல்ல ஆழமாயின.