பேப்பருக்கு எதுக்கு இந்தத் தோட்டா?

ட்ரிங்... ட்ரிங்...

ஹவுன்ஸ்லோவில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடையில் போன் அலறியது. விற்பனையாளன் யேசுரட்ணம் எடுத்தான்.

"யேசு! அவர் அங்கையோ?"

கனகவல்லி! அவனுடைய ரகசியக் காதலி. குரல் நடுங்கியது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் வைத்தியநாதன்.

அவளுடைய புருஷன்!

"ஓம்... சொல்லுங்கோ."

"என்ர பேரைச் சொல்லிப்போடாதேங்கோ. எங்கட விஷயம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு! உங்களைச் சுடத்தான் துவக்கு வாங்க வந்திருக்கிறார். கவனம்!"

டொக்.

யேசுரட்ணத்தின் முதுகில் வியர்வை ஊர்ந்தது.

"என்ன தம்பி, ஏதும் அவசரமோ?"

"இல்லை அண்ணை... ரோங் நம்பர். உங்களுக்கு எப்பிடியான ரைஃபிள் வேணும்?"

"தூரத்தில பேப்பர் டார்கெட் சுட. ஆயிரம் யார்ட்."

"அப்ப செவன் சிக்ஸ்டூ ரைஃபிள் எடுங்கோ. குழல் தடிப்பா, பாரமா இருக்கோணும். அப்பதான் ஆடாது."

"பாரம் வேண்டாம். தோளில கொழுவிக்கொண்டு நடக்க ஏலோணும்."

யேசுரட்ணம் நிமிர்ந்தான்.

"டார்கெட்டுக்குப் படுத்துக் கிடந்தெல்லோ சுடுறது! ஏன் நடக்கப் போறியள்?"

வைத்தியநாதன் ஒரு லேசான ரைஃபிளை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார்.

அதன் வாய் ஒரு கணம் யேசுரட்ணத்தின் நெஞ்சைத் தடவிப் போனது!

"இது நல்லாயிருக்கு. தோட்டா?"

"போட்டிக்குச் சுடுற மாட்ச் தோட்டா தாறன். எல்லாம் ஒரே நிறை. காத்தடிச்சாலும் அவ்வளவா விலகாது."

"அது வேண்டாம் தம்பி. சாஃப்ட் நோஸ் தாரும்."

யேசுரட்ணம் நீட்டிய பெட்டியைப் பின்னுக்கு இழுத்தான்.

"அண்ணை... அது உடம்புக்குள்ள போனாப் பூ மாதிரி விரியும். பேப்பருக்கு எதுக்கு இந்தத் தோட்டா?"

வைத்தியநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கெண்டு ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது!"

சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே யேசுரட்ணம் முடிவெடுத்துவிட்டான்.

முந்திக்கொள்ள வேண்டும்!

"வெள்ளிக்கிழமை காலமை எங்கட சூட்டிங் கிளப் ரேஞ்சுக்கு வாங்கோ அண்ணை. குறி பாக்கிற ஸ்கோப்பைச் சரிபண்ணித் தாறன்."

"நல்ல பிள்ளை நீர்!"

வெள்ளிக்கிழமை.

லண்டனுக்கு வெளியே, ஈரப் புல்வெளி. ஆள் நடமாட்டமே இல்லை.

வைத்தியநாதன் டார்கெட் பேப்பரோடு முந்நூறு யார்ட் நடந்தார். பலகையில் ஒட்டினார். திரும்பினார். கைகளை வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"நேரா இருக்கோ தம்பி?"

ஸ்கோப்பில் அவருடைய வழுக்கை பளபளத்தது. குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"ஓம் அண்ணை... நேராத்தான் இருக்கு!"

டுமீல்!

சாஃப்ட் நோஸ் சொன்னபடி விரிந்தது!

அருகில் போய்ப் பார்த்தான். புல்லில் கிடந்தவருக்கு இன்னும் மூச்சு இருந்தது.

"வல்லி... தனிச்சுப்போவாள்... பாத்துக்கொள்ளும்..."

யேசுரட்ணம் கைகளைக் கட்டிக்கொண்டு, அந்த மூச்சு நிற்கும்வரை நின்றான். அதன்பிறகுதான் உதவிக்கு ஓடினான்.

"கை தவறி வெடிச்சுப்போச்சு" என்று அழுதான். பொலிஸ் முதலில் நம்பியது.

மறுவாரம் விலங்கோடு வந்தது!

ரிமாண்ட் சிறையில் பார்வையாளர் அறை.

பூப்போட்ட சேலையில் வந்து உட்கார்ந்தாள் கனகவல்லி.

"வல்லி! பொலிஸுக்கு எப்பிடித் தெரிஞ்சது? அவர் என்னைக் கொல்ல வந்தவரெண்டு நீ சொல்லு!"

"அவரோ? அவருக்கு எங்கட விஷயம் கடைசிவரைக்கும் தெரியாது."

யேசுரட்ணம் உறைந்தான்.

"அப்ப... அந்தத் தோட்டா?"

"மானுக்கு! கந்தோரில கூட வேலை செய்யிற வெள்ளைக்காரரோட ஸ்கொட்லாந்துக்கு வேட்டைக்குப் போக ஆசைப்பட்டவர். ஆர்ச்வே முருகன் கோயிலில சைவத்தைப் பற்றிப் பேசுற மனுசன் மான் சுடுறாரெண்டு சனத்துக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். அதாலதான் டார்கெட்டெண்டு சொல்லுங்கோ எண்டு நான் சொல்லி அனுப்பினனான்."

"நீயோ...!"

"அவர் சாகோணுமெண்டு நினைச்சன். நீங்கள் செய்தீங்கள். பிறகு உங்களையும் வைச்சுச் சமைச்சுப் போட எனக்கு ஏலாது."

அவன் மேசையில் தலையை மோதிக்கொண்டான்.

"பாவி! எல்லாம் நான் உனக்காகத்தானேடி செய்தனான்!"

கனகவல்லி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஓம் யேசு... அதைத்தான் நானும் பொலிஸிட்டச் சொன்னனான்!"